ஐம்பத்தைந்தாவது பாக்கெட்

என் எம்.பி.ஏ. புராஜெக்ட்டுக்கு நான் வைத்த தலைப்பு மூன்று வரி நீளம். சிறுதொழில், அடக்கவிலை, பகுப்பாய்வு என்று கனமான சொற்களாகத் தேடித் தேடிப் போட்டிருந்தேன். அத்தனையையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது இட்லி மாவு. நெய்வேலி குவார்ட்டர்சில், எங்கள் எதிர்வீட்டு அக்கா அரைத்து விற்கிற இட்லி மாவு.

நான் ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி, சுரங்கத்தில் வேலை பார்க்கிறவரோடு இந்த டவுன்ஷிப்புக்கு வந்தவள். பி.காம். தபாலில் படித்தேன். டெபிட் எது, கிரெடிட் எது என்று சொல்லித் தர ஆள் கிடையாது. பருப்பு டப்பாவை இந்தப் பக்கமும் மிளகாய் டப்பாவை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு நானே எனக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெண் காலேஜில் சேர்ந்து விடுதிக்குப் போன வருஷம், நாற்பத்தொரு வயதில், தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ.வுக்குப் பணம் கட்டினேன். கணக்கியல் பிரிவு. புத்தகப் பார்சல் வந்த அன்று என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத படிச்சு முடிக்கறதுக்கு ஒரு ஷிப்டு கரியே வெட்டிடலாம் போலருக்கே" என்றார். நான் கேட்கிற நிலையில் இல்லை. அட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய் நீளம். காதும் நீளம். யாராவது ருசியாக ஒன்று சொல்லிவிட்டால், பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அப்படி எழுதியதில் பாதிக்கு மேல் எதிர்வீட்டு அக்கா சொன்னவை. தன் வீட்டுக்காரரைப் பற்றி ஒருநாள் சொன்னார்: "அந்தாளு மூணு ஷிப்டுக்கு மூணு ஆளும்மா. நைட்டு ஷிப்டு முடிச்சு வர்ற ஆளுகிட்டதான் காசு கேக்க முடியும். தூக்கத்துல இன்னா ஏதுன்னு கேக்கமாட்டாரு."

அக்கா பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன்; சுரங்கத்தில் பெரிய மண்வெட்டும் இயந்திரத்தில் ஆபரேட்டர். பேசவே மாட்டார். அக்கா தினமும் அறுபது பாக்கெட் மாவு விற்பார், பாக்கெட் முப்பத்தைந்து ரூபாய். முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து அரைக்க ஆரம்பித்தால், சாயங்காலத்துக்குள் ப்ளாக் முழுக்கக் காலியாகிவிடும். அண்ணனுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். குவார்ட்டர்ஸ் போனால் மாவு வியாபாரமும் போகும். அக்காவுக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

"முப்பது வருசம் அவரு சம்பளத்துல துன்னேன். இந்த ஆறு வருசமாத்தான் என் கையில என் காசு பொழங்குது. அத வுட்டுட்டுப் போவ சொல்றியா?" என்பார்.

டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே, ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கடை வாடகைக்கு இருந்தது. மாதம் பன்னிரண்டாயிரம். அட்வான்ஸ் ஐம்பதாயிரம். கடைக்குச் சொந்தக்காரர் பண்ருட்டியில் முந்திரி மொத்த வியாபாரம் செய்யும் பாய். எடுக்கலாமா வேண்டாமா என்று அக்கா தவித்துக்கொண்டிருந்தபோதுதான் என் புராஜெக்ட் முடிந்தது. ஆறு மாதம் அவர் சமையலறையிலேயே உட்கார்ந்து, அரிசியை நிறுத்து, உளுந்தை நிறுத்து, கவர் விலை வரைக்கும் எழுதியிருந்தேன். ஒரு பாக்கெட்டுக்கு இருபத்தேழு ரூபாய் அடக்கம். எட்டு ரூபாய் லாபம். நாளைக்கு அறுபது பாக்கெட் என்றால் மாதத்துக்குப் பதினாலாயிரத்து நானூறு.

அக்கா அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "அப்ப வாடக போவ ரெண்டாயிரத்து நானூறு நிக்குது. அங்க கூட்டம் ஜாஸ்தி, இன்னும் விக்கும். எம்.பி.ஏ. படிச்ச பொண்ணே எழுதிக் குடுத்துட்ச்சு, அப்பறம் இன்னா?" என்றார். நானும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

கடலூரில் இருந்த படிப்பு மையத்தில் எனக்கு வாய்மொழித் தேர்வு. மதியம் இரண்டு மணிக்கு என் முறை வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஒருவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் அறிக்கையைப் புரட்டினார். நான் பட்டுப்புடவையில், கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி நின்றிருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. அரிசிக்குச் சேதாரம்கூடப் போட்டிருக்கீங்க. கிரைண்டர் எவ்வளவு நேரம் ஓடும்?"

"ரெண்டு கிரைண்டர் மேடம். தினம் மூணு மணி நேரம்."

"எதுல ஓடுது?"

"கரண்ட்லதான் மேடம்."

"கரண்ட் எங்கே?"

"எங்க ஊர்லயேதான் மேடம் தயாரிக்கிறோம்" என்றேன், பெருமையாக.

அவர் சிரித்துவிட்டார். "தயாரிங்க, சந்தோஷம். இந்த ரிப்போர்ட்ல எந்தப் பக்கத்துல தயாரிக்கிறீங்க?"

நான் அறிக்கையை வாங்கிப் புரட்டினேன். முன்னும் பின்னும் புரட்டினேன். கரண்ட் இல்லை. தண்ணீரும் இல்லை. நான்கு முறை அரிசி களைகிற தண்ணீர், கிரைண்டர் கழுவுகிற தண்ணீர், ஒரு சொட்டு இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்வதற்கில்லை. மறப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது தெரிந்திருக்க வேண்டுமே! குவார்ட்டர்சில் இருக்கிற எங்களுக்குக் கரண்டும் தண்ணீரும் சம்பளத்தில் சின்னத் தொகையாகப் பிடித்தம் ஆகும். அந்தச் சம்பளச் சீட்டு வீட்டுக்காரர் சட்டைப் பையிலேயே மடங்கிக் கிடக்கும். இருபது வருஷத்தில் நான் ஒரு மின் கட்டணச் சீட்டைக் கையில் தொட்டதில்லை. என்னைப் பொறுத்தவரை சுவிட்ச்சைப் போட்டால் வெளிச்சம், குழாயைத் திறந்தால் தண்ணீர். மழைக்கும் வெயிலுக்கும் யாராவது கணக்கு எழுதுவார்களா? அப்படித்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

"ஒரு வாரத்துல திருத்திக் கொண்டாங்க. அப்புறம் பாஸ் பத்திப் பேசலாம்" என்றார் பேராசிரியை.

அழவேண்டிய இடம்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. இத்தனை வருஷம் நான் வாழ்ந்த வீட்டுக்குள்ளேயே, நான் பார்க்காத ஒரு செலவு தினமும் சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பாடத்தைப் படித்து அல்ல, பிடிபட்டுப் புரிந்துகொண்டேன். அந்தப் பரவசத்தில் வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். என் கணக்கை நம்பி.

போனைப் போட்டேன். பின்னால் பஸ் ஹாரன்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"பண்ருட்டி பஸ்ஸுல போய்கினு இருக்கோம். நாலே முக்காலுலேந்து நல்ல நேரம். பாஸாயிட்டியா?"

"அக்கா, அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. என் கணக்குல தப்பிருக்கு."

"இன்னாது?"

"கணக்கு தப்பு! கரண்ட் போடல!"

"அட போம்மா. பரிட்ச பயத்துல எதையோ ஒளர்ற. நீயாவது, கணக்குல தப்பு வுடறதாவது. அஞ்சே முக்கால் வரைக்கும் நல்ல நேரம் இருக்கு, வர்றதுன்னா வா. நான் குடுத்துட்டு ஒனக்கு பலாப்பழம் வாங்கி வெக்கிறேன்." வைத்துவிட்டார்.

நான் இல்லாத நேரத்தில் என்னைவிட அதிகமாக என்னை நம்புகிற ஒரு ஆளை எப்படித் தடுப்பது? ஓடிப்போய்ப் பண்ருட்டி பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும் அறிக்கையைத் திருப்பி, பின்பக்க வெள்ளைத் தாளில் புதுக் கணக்கு போட ஆரம்பித்தேன். மாதச் செலவு என்று எழுதி, வாடகை பன்னிரண்டாயிரம். கரண்ட், தண்ணீர் இரண்டுக்கும் எதிரே வெற்றிடம். எவ்வளவு வரும்? எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து சீட்டு அம்மாவிடம், "உங்க வூட்ல கரண்ட் பில் எவ்ளோங்க வரும்?" என்று கேட்டேன். முன் சீட்டுப் பெரியவரைக் கேட்டேன். நின்றுகொண்டிருந்த இருவரைக் கேட்டேன். ஆளுக்கொரு தொகை சொல்லி, ஆளுக்கொரு விதமாகத் திட்டினார்கள். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கண்டக்டர் என்னிடம் குனிந்து மெதுவாக, "மேடம் எந்த டிபார்ட்மென்ட்டுங்க?" என்றார். பட்டுப்புடவையும் தாளும் பேனாவும் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

திருவதிகை தாண்டும்போது மணி நாலே முக்கால். பஸ் ஸ்டாண்டில் குதித்து இறங்கினேன். பலாப்பழக் குவியல்களுக்கு நடுவே, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை என் பெண் பார்த்திருந்தால் வீடியோ எடுத்திருப்பாள்.

முந்திரிக் கடையில் அக்கா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணன். எதிரே பாய், ஒப்பந்தத் தாளை விரித்துப் பேனாவைத் திறந்துவிட்டிருந்தார்.

"இருங்க பாய்!" என்று கத்தினேன். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"வாங்கம்மா, மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க" என்றார் பாய். "பணம் வாங்கறதுக்கு முன்னாடி நாந்தான் பதறணும். நீங்க ஏன் பதர்றீங்க?"

"பாய், அந்தக் கடைக்கு கரண்ட் பில் எவ்ளோ வரும்?"

அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். முன்பு அங்கே ஜூஸ் கடை வைத்திருந்தவருடையது. அக்கா அதை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். பத்தாயிரத்து எண்ணூறு.

"இது வருசத்துக்கா பாய்?"

"ரெண்டு மாசத்துக்கும்மா."

அக்கா சீட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப்போனேன்.

"தண்ணி?" என்றேன்.

"கடை கடைக்குப் பிரிச்சிக்கிறாங்க. நீங்க அரிசி களையறவங்க, மாசம் ஆயிரத்தி எண்ணூறாவது ஆகும்."

நான் அங்கேயே கூட்டினேன். வாடகை, கரண்ட், தண்ணீர் சேர்த்து மாதம் பத்தொன்பதாயிரத்து இருநூறு. நாளைக்கு அறுநூற்று நாற்பது. பாக்கெட்டுக்கு எட்டு ரூபாய் நிற்கிறது என்றால், செலவைக் கட்டவே தினமும் எண்பது பாக்கெட் விற்க வேண்டும். அக்கா விற்பது அறுபது.

"கடைய எடுத்தா மாசம் நாலாயிரத்து எண்ணூறு கையிலேந்து போகும்க்கா" என்றேன்.

"ஆறு மாசம்" என்றார் அக்கா. "ஆறு மாசம் என் சமையக்கட்டுல குந்திகினு கெடந்த. வெந்தயத்த எண்ணி எண்ணி எழுதுன. கவர்ல ஒட்டிகினு இருக்கற மாவக்கூட வழிச்சு நிறுத்துப் பாத்த. தலைக்கு மேல ஃபேன் சுத்திகினு இருந்துச்சே, அது கண்ணுல படலியா?"

"உங்களுக்கும் படலயேக்கா."

"நான் எம்.பி.ஏ. படிக்கலியே!"

பாய் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அக்கா மஞ்சள் பையின் வாயைச் சுருட்டினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கோபம் போய் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அவ்ளோதான். வெலைய ஏத்தினா எவனும் வாங்கமாட்டான். ஊட்டுக்கு வாங்க, போலாம்" என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லி எழுந்தார்.

அண்ணன் எழவில்லை. பேசாத அந்த மனிதர் தொண்டையைச் செருமினார்.

"பாய், அந்தக் கட எத்தினி மணிக்குத் தொறந்து எத்தினி மணிக்கு மூடலாம்?"

"உங்க இஷ்டம். நாள் பூரா உங்களுதுதானே."

"எங்களுக்கு நாள் பூரா வேணாமே. மத்தியானம் ஃபர்ஸ்ட் ஷிப்டு வுட்டாத்தான் இவளுக்கு யாவாரம். காலையில ஷட்டர மூடிகினு சும்மா கெடக்கும். ஒரு ஷிப்டு வேல செஞ்சிட்டு ரெண்டு ஷிப்டு வாடக குடுக்க சொல்றீங்க." ஒப்பந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "எங்களுக்கு செகண்ட் ஷிப்டு மட்டும் குடுங்க."

அக்கா வாயைப் பிளந்தார். "இன்னிக்குப் பூரா பேசாம வந்துகினு, எங்க வந்து வாயத் தொறக்கறாரு பாரு!"

"ஷிப்டு வாடகையா?" என்றார் பாய். "முப்பது வருஷமா கடை வாடகைக்கு விடறேன். மாச வாடகை கேட்டிருக்கேன், வருஷக் குத்தகை கேட்டிருக்கேன். இது உங்க ஊர்லேந்துதான் வரணும். சரி, காலையில யாரு வருவா?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். அந்தக் கடை வாசலில் தள்ளுவண்டியில் இடியாப்பம் விற்கும் புருஷன் பெண்டாட்டி இருவர். அவர்கள் என்னிடம் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். 'மழ பேஞ்சா எங்க தேங்காப்பாலுக்கு அளவே தெரியாது' என்று அந்த அம்மா சொன்னது என் நோட்டில் இருக்கிறது. பாயிடம் சொன்னேன்.

"ஆமா, ஒரு தடவ என்கிட்ட வந்து கேட்டாங்க. பன்னெண்டாயிரம்னதும் ஓடிட்டாங்க" என்றவர், அந்தக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற யாரையோ போனில் பிடித்து அவர்கள் நம்பரை வாங்கினார். போன் பேசினார். நான் காத்திருக்கவில்லை. தாளைத் திருப்பி வாடகையைப் பாதியாக்கினேன்; கரண்டும் தண்ணீரும் அரைக்கிறவர் தலையில்தான் என்று முழுசாகவே விட்டேன். ஆறாயிரம், ஐயாயிரத்து நானூறு, ஆயிரத்து எண்ணூறு. பதிமூன்றாயிரத்து இருநூறு. நாளைக்கு நானூற்று நாற்பது. எட்டால் வகுத்தேன். இன்னொரு முறை வகுத்தேன்.

"ஐம்பத்தஞ்சு!"

"இன்னா ஐம்பத்தஞ்சு?"

"ஐம்பத்தஞ்சு பாக்கெட் வித்தா செலவு கட்டிடும். ஐம்பத்தாறாவதுலேந்து உங்க காசு. நீங்க அறுபது விக்கிறீங்கக்கா!"

"கரண்டு போட்டியா?"

"போட்டேன்."

"தண்ணி?"

"போட்டேன்."

"வேற ஏதாவது சொவத்துக்குள்ள ஓடிகினு இருக்கா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

அக்கா நம்பவில்லை. என்னிடமிருந்து பேனாவை வாங்கி அண்ணனிடம் கொடுத்து, "நீங்க போடுங்க" என்றார். அவர் உள்ளங்கையில் எழுதிக் கூட்டி, தலையை ஆட்டினார். ஆறு மாதம் தலையில் தூக்கி வைத்திருந்த என் எம்.பி.ஏ.வை அன்று ஒரு உள்ளங்கை சரிபார்த்தது. எனக்கு வருத்தமே இல்லை. சரிபார்க்கிற அளவுக்கு என் கணக்கை ஒருவர் மதிக்கிறார் என்று குளிர்ந்துபோய் நின்றேன்.

இடியாப்பக்காரர்கள் சரி என்றுவிட்டார்கள். "அட்வான்சும் பாதிதான் பாய்" என்று நான் இடையில் புகுந்தேன். "நீங்க வரும்போதே நெனச்சேன், இந்தம்மா எனக்கு நல்லதுக்கு வரலன்னு" என்று சொல்லிக்கொண்டே பாய் எழுத ஆரம்பித்தார். எழுதி நிமிர்ந்து, "நேரம்ங்கற எடத்துல இன்னா போடறது? மதியம் ஒரு மணியிலேந்துன்னு போடட்டுமா?" என்றார்.

"செகண்ட் ஷிப்டுன்னு போடுங்க. எங்களுக்குப் புரியும்" என்றார் அண்ணன்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "பேனாவ வெச்சுகினு இன்னும் இன்னா பாய்? நல்ல நேரம் முடியப்போவுது!"

அந்த ஒப்பந்தத்தின் நகலையும் ஜூஸ் கடை கரண்ட் சீட்டையும் சேர்த்து என் அறிக்கையைத் திருத்திக் கட்டி, ஒரு வாரத்தில் மறுபடி கடலூர் போனேன். பேராசிரியை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். 'வாடகை, ஒரு ஷிப்டுக்கு' என்ற இடத்தில் விரல் நின்றது. நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். பக்கத்து அறையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாம் சரி. அந்த அம்மாவுக்குக் கூலி எங்கே போட்டிருக்கீங்க?" என்றார் கடைசியாக.

"ஐம்பத்தாறாவது பாக்கெட்லேந்து மேடம்."

"அது போதாதே."

"போதாதுன்னு அவங்களுக்கும் தெரியும் மேடம். இப்ப எவ்வளவு கொறையுதுன்னும் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் ரிட்டயர் ஆன பிறகு கடை திறந்த அன்று, மதியம் ஒரு மணிக்கு இடியாப்ப அம்மா தரையைத் துடைத்து, சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு ஆட்களும் சுரங்கத்தில் ஷிப்ட் மாற்றிக்கொள்வது போலவே, "எல்லாம் சரியா இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லி மாறிக்கொண்டார்கள். அக்கா அரைத்தார். அண்ணன் பொட்டலம் கட்டினார். நான் ஓர் ஓரமாக நின்று எண்ணினேன். எண்ணாதே என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. ஷிப்ட் பஸ்கள் வந்தன. பழைய ப்ளாக் ஆட்களே பலர் வந்தார்கள். முப்பது, நாற்பது. ஐந்தரை மணிக்கு மேல் கொஞ்சம் தொய்ந்தது; நான் மிச்சப் பாக்கெட்டுகளை மறுபடி எண்ணினேன். ஆறரைக்கு இன்னொரு பஸ் வந்தது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்துமூன்று. ஐம்பத்துநான்கு.

சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கிய ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி நேரே வந்து முப்பத்தைந்து ரூபாயை நீட்டினார். அக்கா பாக்கெட்டை அவர் கையில் வைத்தார்.

"ஐம்பத்தஞ்சு!" என்று கத்தினேன்.

அவர் பயந்துபோனார். "முப்பத்தஞ்சுதானங்க? ஏத்திட்டீங்களா?"

"ஏத்தலங்க, நீங்க போங்க. அந்தப் பொண்ணு எம்.பி.ஏ. படிச்சது, அப்பிடித்தான் கத்தும்" என்றார் அக்கா. பிறகு கீழே குனிந்து, மிச்சம் இருந்த ஐந்து பாக்கெட்டையும் எடுத்துப் பலகையின் முன்வரிசையில் வைத்தார். ஒவ்வொன்றாக, தட்டி நேராக்கி வைத்தார்.

"இது அஞ்சும் என்னுது" என்றார். "வாசல மறைச்சுகினு நிக்காத. தள்ளு, பஸ்ஸு வருது."